படித்து உறுதி செய்யப்பட்டது

கையெழுத்துப் போட்டபோது மோகனசுந்தரத்தின் கை நடுங்கவில்லை.

நடுங்கியிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தால் ஒருத்தியின் பிழைப்பு பறிபோகப் போகிறது என்று அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது. காகிதம் அவன் கையில்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருந்தான்.

விஷயம் எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது.

சுங்கமேடு, பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன நகரசபை. இன்னும் ஒரு மைல் போனால் தமிழ்நாடு. பொள்ளாச்சி வண்டியில் வந்து இறங்குகிற பாதிப் பேர் முதலில் தேடுவது மோகனசுந்தரத்தின் மூன்று சக்கர வண்டியைத்தான். அவர்கள் ஊரில் லாட்டரி விற்கக் கூடாது, இங்கே விற்கலாம். போலியோவில் சூம்பிய இரண்டு கால்களையும் மடக்கி வைத்துக்கொண்டு, வண்டி முழுக்கச் சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பதினெட்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

பதினைந்தடி தள்ளிக் காளியாத்தாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. விற்பது வேகவைத்த நிலக்கடலை. பொள்ளாச்சி வண்டி பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டதும் கூடையோடு எழுவாள். இடது உள்ளங்கையைப் பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்து, தடவிக்கொண்டே நடப்பாள். ஒவ்வொரு ஜன்னலும் அவளுக்கு ஒரு எண். "நாலாவது ஜன்னலு, ரெண்டு பொட்டலமுங்களா?" என்பாள். தவறியதில்லை. வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். ஒரு நாளைக்கு எட்டு வண்டி. அந்த நாற்பது நிமிடம்தான் அவள் வியாபாரம். பஸ் நிற்கிற இடம்தான் அவள் கடை.

ஒரு திங்கட்கிழமை, நகரசபை செக்ரட்டரி மூன்று உதவியாளர்களோடு பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தார். மோகனசுந்தரத்தின் முன் நின்றார். முகத்தைப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார். கால்களில்தான் அதிக நேரம் நின்றது பார்வை.

"பெர்சென்டேஜ் எத்தனை?"

"எண்பதுங்க."

"அருமை!"

ஊனச் சான்றிதழில் இருந்த அந்த எண்பதை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

"பேரு?"

"மோகனசுந்தரமுங்க."

"தமிழா?" செக்ரட்டரியின் முகம் மலர்ந்தது. உதவியாளர்கள் பக்கம் திரும்பினார். "மொழிச் சிறுபான்மையும் ஆச்சு! ஒரே ஆளில் ரெண்டு கட்டம் நிறையுது, கேட்டோ!"

சங்கதி இதுதான். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க ஒரு சமிதி வேண்டும், அதில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு வருடமாக இல்லை. அடுத்த வாரம் தலைநகரிலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள்.

"மலையாளம் வாயிக்கத் தெரியுமல்லே? படிக்க?"

மோகனசுந்தரம் மலையாளத்தில் சண்டை போடுவான், சீட்டு விற்பான், கடன் கேட்டு வருபவனைத் துரத்துவான். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பத்தாவது வரை படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். மலையாள எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸையே பெயின்டை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பான். அது வெளியே யாருக்கும் தெரியாது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். கண்டக்டர், பூக்காரி, காளியாத்தாள்.

"தெரியுமுங்க சார்" என்றான்.

அன்று வந்த மீதி ஆறு வண்டியிலும் கடலையோடு சேர்த்து அந்தச் செய்தியும் விற்றாள் காளியாத்தாள். "நம்ம மோகனு மெம்பரு ஆயிட்டானுங்க. இனி எவனும் நம்மள அசைக்க முடியாது."

*

சமிதி கூடும் அறை மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. சாய்தளம் இல்லாமல் இல்லை. பளபளவென்று கைப்பிடியோடு கட்டியிருந்தார்கள். அது கீழ்த்தளத்து ஜெனரேட்டர் அறைக்குப் போயிற்று.

நான்கு துப்புரவுத் தொழிலாளிகள் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். பதினோராம் படியில் செக்ரட்டரி அவர்களை நிறுத்தினார். போட்டோகிராபர் வரவேண்டியிருந்தது. அவன் அந்தரத்தில் இருந்தபடியே செக்ரட்டரி பேசினார்: "இத்தனை காலம் இவரைச் சமூகம் தாழ்த்தி வைத்திருந்தது. இன்று சட்டம் இவரை உயர்த்தியிருக்கிறது. எல்லோரும் பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். மோகனசுந்தரம் தன் வேட்டி விலகியிருக்கிறதா என்று பார்த்தான். விலகித்தான் இருந்தது.

கூட்டம் முழுக்க மலையாளத்தில் நடந்தது. பேச்சு புரிந்தது. ஆனால் செக்ரட்டரி தீர்மானங்களைப் படிக்கும்போது வந்தது பேச்சு இல்லை, சட்டம். அது ஒருவருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். முடிவில் மினிட்ஸ் புத்தகம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே கையெழுத்து.

புத்தகத்தை நீட்டியவள் கிளார்க் ஜிஸ்மி. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப் பெண், வேலைக்காக இவ்வளவு தூரம் வந்தவள். குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, வேணும்னா தமிழ்ல வாசிச்சுச் சொல்லட்டுமா?"

அறையில் அத்தனை பேரும் அவனையே பார்ப்பது போலிருந்தது. உண்மையில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வடைத் தட்டை.

"வேண்டாமுங்கம்மா. படிச்சுட்டேன்."

"அடியில 'படித்து உறுதி செய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ போடுங்க."

போட்டான். தமிழில்.

*

மூன்றாவது கூட்டத்தில் காளியாத்தாள் விவகாரம் வந்தது. அவள் உட்கார்ந்து விற்பவளா, நடந்து விற்பவளா? பஸ் இல்லாத நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வந்தால் நடக்கிறாள். உட்காருபவருக்கு ஒரு சான்றிதழ், நடப்பவருக்கு வேறு சான்றிதழ். ஒருவருக்கு ஒன்றுதான் கொடுக்கலாம். இரண்டரை மணி நேரம் விவாதித்து, அவளிடமே ஒரு படிவம் கொடுப்பது என்று முடிவானது. "இணைக்கப்பட்டுள்ள வரைபடத்தைப் பார்த்து என் இடத்தை நானே அடையாளம் காட்டுகிறேன்" என்று அவள் எழுதித் தரவேண்டும்.

"அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களே சார்" என்றான் மோகனசுந்தரம்.

செக்ரட்டரி பரிவோடு சிரித்தார். "அதுக்குத்தான் வரைபடத்தைப் பெரிசாப் போடச் சொல்லியிருக்கேன்."

ஆறாவது கூட்டத்தில் கணக்கெடுப்பு. யாரையும் அப்புறப்படுத்துவதற்கு முன்னால் எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செக்ரட்டரி சட்டத்தை மீறுகிறவர் அல்ல. நாள் குறித்தார். அன்று மாநிலம் முழுக்க ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, ஆள் இல்லை.

"அதனால்தான் அந்த நாள்" என்று விளக்கினார். "தெரு காலியா இருந்தால்தானே அளக்க முடியும்? மற்ற நாளில் இந்த வியாபாரிகள் குறுக்கே நிற்கிறார்கள்."

கணக்கெடுப்பு பதினேழு நிமிடத்தில் முடிந்தது. சுங்கமேடு பஸ் ஸ்டாண்டில் வியாபாரிகள் எவரும் இல்லை என்று அறிக்கை வந்தது. இப்போது அங்கே யார் உட்கார்ந்தாலும் அவர் கணக்கில் இல்லாதவர்.

மோகனசுந்தரம் கை தூக்கினான். "நாங்க ரெண்டு பேரும் அங்கதானுங்களே இருக்கறோம்?"

"நீங்கள் மெம்பர். உங்களை எப்படி வியாபாரியாக எண்ண முடியும்? அது உங்களுக்கு மரியாதைக் குறைவு அல்லே?"

நியாயமாகத்தான் பட்டது. வடையும் வந்துவிட்டது. படித்து உறுதி செய்தான்.

ஒன்பதாவது கூட்டத்தில் தீர்மானம் நீளமாக இருந்தது. நான்கு பக்கம். செக்ரட்டரி மூச்சு வாங்கப் படித்தார். இடையிடையே காளியாத்தாள் பெயர் காதில் விழுந்தது. 'சம்ரக்ஷணம்' என்ற சொல் இருபது தடவையாவது வந்தது. பாதுகாப்பு என்று அர்த்தம், அவனுக்குத் தெரியும். மீதியைக் கேட்க வாயெடுத்தான். ஜிஸ்மி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாவது கூட்டத்தில் போய், எனக்கு எழுத்துத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"நல்லதுதானுங்களே சார்?"

"உங்கள் காளியாத்தாளுக்கு முழு சம்ரக்ஷணம் கொடுத்தாச்சு. சந்தோஷம்தானே?"

கை நடுங்காமல் போட்டான்.

*

ஒரு வாரம் கழித்துக் காளியாத்தாள் கையில் கவரோடு வந்தாள். உள்ளே ஒற்றைத் தாள். கீழே நகரசபை முத்திரை.

"ஏப்பா மோகனு, தபால்காரன் குடுத்துட்டுப் போனான். யாருகிட்டக் குடுக்கறது, நீதான் மெம்பரு இருக்கறயே. படி, கேக்கறேன்."

பூக்காரி பக்கத்தில் நின்றாள். கண்டக்டர் பீடி பற்றவைத்துக்கொண்டு காது கொடுத்தார்.

மோகனசுந்தரம் கண்ணாடியைப் போட்டான். தாளை உயர்த்திப் பிடித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண்ணை ஓட்டினான். நடுவில் ஒரு தடவை "ம்ம்" என்றான். எதையோ புரிந்துகொண்டவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று சமிதியில் கற்றிருந்தான்.

"உங்களுக்குச் சம்ரக்ஷணம் குடுத்திருக்குதுங்க அக்கா. இந்த எடத்துல இருந்து உங்கள ஆரும் எழுப்ப முடியாது. முத்திரை வெச்சிருக்காங்க பாருங்க."

அவள் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "கண்ணு, நீ நல்லா இருக்கோணும்" என்று அவன் தலையையும் தடவினாள். அதைவிட அவனை அந்த இடத்தில் அடித்திருக்கலாம். ஆனால் அவன் அடிபட வேண்டியவன் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கே அன்று தெரியாது.

காளியாத்தாள் தாளை மடித்து உப்பு டப்பாவுக்குள் பத்திரப்படுத்தினாள்.

முப்பத்தோராம் நாள் ஜீப் வந்தது.

"எழுந்திரும்மா" என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர்.

அவள் பதறவே இல்லை. டப்பாவைத் திறந்து தாளை எடுத்து, சத்தம் வந்த பக்கம் நீட்டினாள். "இதைப் படிச்சுப் பாருங்க சாமி. பொறகு பேசுங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். சிரிக்கவில்லை. பாவம், அவர் நல்ல மனிதர். தெரிந்த தமிழில் சத்தமாகச் சொன்னார். "பஸ் புகை, நெரிசல், விபத்து இவற்றிலிருந்து உன்னைக் காப்பாற்ற, உன்னை இங்கிருந்து மாற்றுகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லணும். முப்பது நாள் நேற்றோடு முடிஞ்சது. அம்மா, இதை உனக்கு யாரும் படிச்சுச் சொல்லலையா?"

காளியாத்தாள் முகத்தை மோகனசுந்தரத்தின் பக்கம் திருப்பினாள். சரியாக அவன் பக்கம்.

"சொன்னாங்க சாமி" என்றாள். யாரென்று சொல்லவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

*

புது இடத்துக்குப் 'பாதுகாக்கப்பட்ட வியாபார மண்டலம்' என்று பெயர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை கிலோமீட்டர், குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் பின்னால். சாய்தளம், கைப்பிடி, பார்வையற்றோர் காலால் தொட்டு நடக்க மஞ்சள் ஓடு பதித்த பாதை, எல்லாம் இருந்தது. மஞ்சள் பாதை மண்டலத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. ரிப்பன் வெட்டும்போது செக்ரட்டரி சொன்னார்: "இங்கே ஒரு வண்டி வராது, ஒரு கூட்டம் சேராது. இதைவிடப் பாதுகாப்பு ஒரு வியாபாரிக்கு உலகத்தில் எங்கே கிடைக்கும்?"

மோகனசுந்தரத்தின் வண்டிக்குப் பக்கத்தில் 'மாதிரி வியாபாரி' என்று பலகை வைத்தார்கள். அது என்ன பலகை என்று அவன் கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லித்தான் கேட்டான்.

மறுநாள் மத்தியானம் காளியாத்தாள் கோலை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அவன் வண்டிக்கு மூன்றடி முன்னால் வந்து நின்றாள்.

"மோகனு, இருக்கறயா?"

அவளிடமிருந்து ஒளிவது சுலபம். பேசாமல் இருந்தால் போதும். மோகனசுந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். காற்று அடித்தது.

அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "சீட்டெல்லாம் படபடங்குது. சரி கண்ணு. நீ இருக்கறப்ப வாரேன்."

கோல் தட்டும் சத்தம் போய் மறைகிற வரைக்கும் அவன் மூச்சு விடவில்லை.

*

பத்தாவது கூட்டம்.

வடைத் தட்டு வருவதற்கு முன்னாலேயே அவன் கை தூக்கினான்.

"சார், எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்க."

செக்ரட்டரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்போதிலிருந்து?"

"பொறந்ததுல இருந்துங்க."

"ஒன்பது மினிட்ஸிலும் படித்து உறுதி செய்ததாகக் கையொப்பம் போட்டிருக்கீங்களே!"

"பொய்யிங்க சார். அந்த அக்காவுக்கும் நோட்டீஸைப் பொய்யாத்தானுங்க படிச்சேன். அதனாலதான் அவங்க ஆட்சேபம் சொல்லலீங்க. அந்த நோட்டீஸ் செல்லாதுன்னு எழுதுங்க. பஸ் நிக்கற எடத்தை அவங்களுக்கே குடுத்துருங்க."

"எழுதலாமே! இது ஜனநாயகம்" என்றார் செக்ரட்டரி. "ஜிஸ்மி, எழுது. தனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று உறுப்பினர் தெரிவித்தார். எழுதியாச்சா? இனி மெம்பர் அதைப் படித்துப் பார்த்து ஒப்பு போடட்டும்."

"படிக்கத்தானுங்களே சார் தெரியாது?"

"படிக்காமல் ஒப்பு போட்டால் இது செல்லாது. படித்து ஒப்பு போட்டால் இதில் எழுதியிருப்பது பொய்." செக்ரட்டரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது. "எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை பார்த்தீங்களா? அதுதான் சட்டம் தருகிற சம்ரக்ஷணம்."

"சார், நான் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுதேனே" என்றாள் ஜிஸ்மி.

"அதற்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வரணும். ஆள் கேட்டு எழுதி மூணு வருஷம் ஆச்சு." மோகனசுந்தரத்தின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இதுக்கெல்லாமா வெட்கப்படுவாங்க? இங்கே எழுத்துத் தெரிந்த நாங்கள் மட்டும் படிக்கிறோமா? படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கூட்டம் எப்போது முடிவது? நீங்கள் ஒரு நல்ல மெம்பர், கேட்டோ."

மோகனசுந்தரம் சட்டையில் குத்தியிருந்த மெம்பர் பேட்ஜைக் கழற்றி வடைத் தட்டு வைக்கும் இடத்தில் வைத்தான்.

"என்னைக் கீழ எறக்கி விடச் சொல்லுங்க."

செக்ரட்டரி வருத்தத்தோடு தலையசைத்தார். "மெம்பரைத் தூக்கத்தான் உத்தரவு இருக்கு. பொதுமக்களைத் தூக்க உத்தரவு இல்லை."

இருபத்திரண்டு படி. மோகனசுந்தரம் உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, ஒவ்வொன்றாக இறங்கினான். வரி கட்ட வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பதினோராம் படியில் கொஞ்சம் நின்றான். இந்தத் தடவை போட்டோகிராபர் இல்லை.

பின்னாலேயே வந்த ஜிஸ்மி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் மடியில் வைத்தாள். "தமிழ்ல மனு எழுதுங்கண்ணே. வாங்க மாட்டேன்னு சொல்ல இவங்களுக்கு அதிகாரம் இல்ல. நான் பதிவு பண்ணி நம்பர் தாரேன்." திரும்பிப் போனவள் நின்றாள். "முதல் நாளே கேட்டேன்லாண்ணே."

"கேட்டீங்கம்மா."

*

பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் காளியாத்தாள் மட்டும் இருந்தாள். கூடையில் கடலை ஆறிப்போயிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"சீட்டுச் சத்தம் கேக்குது. ஆளு இருக்குதா?"

"இருக்கறனுங்க அக்கா." வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தினான். "எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்க."

"அது எனக்கு ஜீப்புலயே தெரிஞ்சு போச்சு."

"அத்தனை பேரு முன்னால வெக்கமா இருந்துச்சுங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஊருக்கே சொல்லித்தான் நான் கடலை விக்கறேன், மோகனு. ஒளிச்சு வெச்சா நாலாவது ஜன்னல ஆரு எனக்குக் காட்டுவாங்க? உனக்கு எழுத்துத் தெரியாதுங்கறத என்ற காதுல மட்டுமாவது போட்டிருக்கலாமில்ல. நான் பூக்காரிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பேன்."

அவன் தாளை எடுத்தான். "மனு எழுதியிருக்கறனுங்க. தமிழ்ல. நடந்ததையெல்லாம் எழுதிட்டேன்."

"படி."

படிக்க ஆரம்பித்தான். இரண்டு வரி போவதற்குள் அவள் கை நீட்டி நிறுத்தினாள்.

"இங்க படிச்சா எனக்கும் குப்பைக்கும்தான் கேக்கும். நட, போலாம்."

கூடையை அவன் மடியில் வைத்தாள். வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் வண்டியின் கைப்பெடலைச் சுற்றினான், அவள் பின்னால் நடந்தாள். மூணேகால் பொள்ளாச்சி வண்டி பிரேக் அடித்தபோது இருவரும் அதன் பக்கத்தில் இருந்தார்கள். மாதிரி வியாபாரி பலகைக்கு நேர் கீழே.

காளியாத்தாள் உள்ளங்கையைப் பஸ்ஸின் மேல் வைத்தாள். ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. கடலை என்று கேட்ட ஒருவரைக் கையமர்த்தினாள்.

மோகனசுந்தரம் கண்ணாடியைப் போட்டான். இப்போது கை நடுங்கியது.

"நகரசபைச் செயலாளர் அவர்களுக்கு. என் பெயர் மோகனசுந்தரம். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் காளியாத்தாள் என்கிற அக்காவுக்கு..."

குரல் உள்ளே போய்விட்டது. தாளைத் தாழ்த்தினான். பஸ் முழுக்க அவனையே பார்த்தது. இந்தத் தடவை உண்மையாகவே.

காளியாத்தாள் பஸ்ஸைத் தடவிக்கொண்டே கடைசிவரை நடந்து போனாள். அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"முதல்ல இருந்து படி, மோகனு. சத்தமாப் படி. பத்தாவது ஜன்னலுக்குக் கேக்கலையாம்."